நாலு கச்சேரி போதாது, தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. ஆறு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இப்போது தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கே திரும்பிவிட்டேன். அங்கே மாதம் ஒரு கச்சேரியாவது நேரில் கேட்பேன். இங்கே சித்திரையிலிருந்து நாலு கச்சேரிக்குப் போனேன், நாலும் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி. அதில் மூன்று ஒரே குழு, பாதிக்கு மேல் அதே பாட்டு. போன வாரம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ஙொய்யென்று இரைச்சல். "அதே பாட்டை எத்தனை தடவைங்க போய் நின்னு கேப்பீங்க?" என்கிறார் மனைவி. பேசாமல் வருடத்துக்கு ஒரு முறை பெங்களூரு போய் ஒரு பெரிய கச்சேரி கேட்டால் போதுமா?

பதில்: தம்பி, முதலில் காதைப் பார்த்துவிடுவோம். ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்காதில் இருக்கின்றன, அவை அடி வாங்கிக் களைத்துப்போனதற்கான அடையாளம்தான் அந்த இரைச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், ஆனால் திரும்பத் திரும்ப இப்படி ஆனால் அந்தச் செல்கள் செத்துப்போகும், செத்தது மறுபடி முளைக்காது. இன்னும் இரைச்சல் இருக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்தில் 100 என்பது சாதாரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் ஆறு டெசிபல் குறையும், அதனால் பத்தடியில் நிற்பவர் நாற்பது அடிக்குத் தள்ளிப் போனாலே பன்னிரண்டு இறங்கிவிடும். மெடிக்கலில் அமுக்கி வைக்கிற பஞ்சு இயர் பிளக் கிடைக்கும், ஒரு ஜோடி சட்டைப் பையில் இருக்கட்டும்.

எங்கே நிற்பது? மிக்ஸர் மேசை கூட்டத்துக்குள் போட்டிருந்தால் அதற்குப் பக்கத்தில். ஆப்பரேட்டர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். மேசை மேடையோரமாக இருந்தால், இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் நன்றாகப் பின்னால் தள்ளி நில்லுங்கள். இரண்டு பக்கமும் வீடு இருக்கிற குறுகலான தெருவில் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பும், பாட்டின் வரியே காதுக்கு எட்டாது. மைதானத்திலோ ஏரிக்கரையிலோ மேடை போட்டால் அதைத் தவற விடாதீர்கள்.

அப்புறம், ஒரே குழுவை மூன்று முறை கேட்டதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய கொடுப்பினையாகப் படுகிறது. முதல் தடவை நாம் பாட்டைத்தான் கேட்கிறோம், மூன்றாவது தடவைதான் ஆளைக் கேட்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குழுவை அதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தேன். பாட்டு பாதியில் கரண்ட் போனது, கீபோர்டு நின்றது, மைக் நின்றது, ஜெனரேட்டர் பிடிக்க நேரமாயிற்று. டோலக்காரர் மட்டும் கையை எடுக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண் மேடை விளிம்புக்கு வந்து, வெறும் குரலில் சரணத்தைப் பாடி முடித்தார். பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போடாமல் முன்னால் நகர்ந்து வந்தது. அவர் எந்த இடத்தில் மூச்சு எடுப்பார் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், அன்றைக்கு அந்த மூச்சை அவர் எடுக்காமலே தாண்டியது எனக்குக் கேட்டது. ஒரே ஒரு முறை போயிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. லேப்டாப்பில் ட்ராக் ஓடவிட்டு அதன் மேல் பாடுகிற குழுக்களும் இருக்கின்றன, அதை இரண்டாம் முறை கேட்க நானும் போக மாட்டேன். வாசிக்கிறவர்கள் இருக்கிற குழுவாகப் பார்த்துப் போங்கள்.

நாலும் மெல்லிசை என்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிற மாவட்டத்தில் இருக்கிறீர்கள் தம்பி. பங்குனியிலிருந்து வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், பல ஊர்களில் பதினெட்டு நாள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்கிற சின்ன ஊதுகருவி, தாளம், அதற்கு மேலே ஏறி நிற்கும் குரல். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று வளர்ந்த சுருதி அது. கூத்து முழுக்க முடியாவிட்டாலும் அர்ச்சுனன் தபசு அன்று போங்கள். படுகளத்துக்கு, மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைத் தரையில் படுக்கவைத்திருக்கும்போது, கண்டிப்பாகப் போங்கள். ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பம்பை உடுக்கை வரும். பறை வருகிற இடத்தில், பனியில் தொய்ந்துபோன தோலை வைக்கோல் நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். சீக்கிரம் போய்ப் பக்கத்தில் நின்று அதைப் பாருங்கள், காய்ந்த பிறகு விழுகிற முதல் அடி வேறு மாதிரி இருக்கும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், கோடையில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, இரண்டிலும் மாலையில் மேடை உண்டு.

பெங்களூருக்கும் போங்கள், யார் வேண்டாம் என்றது? உங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தானே. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்தினால் உங்கள் காது ஏங்கிப்போகும், கடிதத்திலேயே அது தெரிகிறது.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஏழு மணிக்கே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு 10 மணிக்கு மேல் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி, விழாவுக்கென்று அரசு விலக்கு தரும் நாட்களில் 12 மணி வரை, அதனால் பெரும்பாலான கச்சேரிகளுக்கு நேரத்தோடு போய்விடுவதுதான் நல்லது. அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்புங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள், மைக்கில் படித்துவிட்டுத்தான் பாடுவார்கள்.