ஜாவா ஜெனரிக்ஸும் அரேயும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்ட்ரிங் மட்டும் உள்ள அரேலிஸ்டில் டூஅரே (லிஸ்டை அரேயாகத் தரும் மெத்தட்) கூப்பிட்டு, வந்ததை ஸ்ட்ரிங் அரே என்று காஸ்ட் செய்தேன், அதாவது ‘இதன் டைப் இதுதான்’ என்று சொன்னேன். கம்பைல் ஆகிறது. ஓட்டினால் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் (டைப் பொருந்தவில்லை என்ற பிழை). உள்ளே இருப்பதெல்லாம் ஸ்ட்ரிங்தானே?

பதில்: உள்ளே இருப்பது ஸ்ட்ரிங்தான் தம்பி. ஆனால் டூஅரே தந்த அரேயின் டைப் ‘ஆப்ஜெக்ட் அரே’. காஸ்ட் பார்ப்பது அரேயின் டைப்பைத்தான். 2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் (லிஸ்டுக்குள் எந்த டைப் இருக்கும் என்று சொல்லிவைக்கும் வசதி) வந்தபோது, பழைய கோடும் கூடவே ஓட வேண்டும் என்பதற்காக, டைப்பைக் கம்பைலர் சரிபார்த்துவிட்டு அழித்துவிடும்படி வைத்தார்கள். அதனால் ஓடும் நேரத்தில், தான் ஸ்ட்ரிங் லிஸ்ட் என்பதே லிஸ்டுக்குத் தெரியாது. அரே மட்டும் தன் டைப்பைக் கடைசிவரை மறக்காது. எந்த டைப் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்: டூஅரேக்கு நீளம் 0 உள்ள ஸ்ட்ரிங் அரே ஒன்றைக் கொடுங்கள், போதும்.

கேள்வி: நீளம் 0 என்றால் இடம் போதாதே? பெரிதாகவே கொடுத்துவிடலாமா?

பதில்: போதாவிட்டால் அதே டைப்பில், சரியான அளவில் அதுவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பெரிதாகக் கொடுப்பதில்தான் வம்பு. லிஸ்டில் 3 பெயர், அரேயின் நீளம் 5 என்று வையுங்கள். 0, 1, 2-இல் பெயர்கள் உட்காரும், 3-இல் ‘நல்’ (null, எதுவும் இல்லை என்ற குறி) எழுதப்படும். 4-இல் முன்பு என்ன இருந்ததோ அது அப்படியே கிடக்கும். பழைய அரேயை மறுபடி பயன்படுத்தி இதில் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: 5 எண்கள் உள்ள இன்ட் அரேயை, லிஸ்டாக மாற்ற அரேஸ் டாட் அஸ்லிஸ்டுக்குக் கொடுத்தால் சைஸ் 1 என்கிறது!

பதில்: ஜெனரிக் டைப்பாக இன்ட் வர முடியாது. அதனால் முழு அரேயே ஒரு பொருளாகப் போய்விடுகிறது. அரேஸ் டாட் ஸ்ட்ரீம், அப்புறம் பாக்ஸ்டு (ஒவ்வொரு இன்ட்டையும் இன்டீஜர் பொருளாக்குவது), அப்புறம் லிஸ்ட் என்று மாற்றுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஸ்டாக் கிளாஸ் எழுதுகிறேன் சார். எந்த டைப்புக்கும் பொருந்த டைப்புக்கு ‘டி’ என்று பெயர் வைத்தேன். நியூ டி அரே என்று எழுதக் கம்பைலர் விடமாட்டேன் என்கிறது.

பதில்: ‘டி’ எது என்று ஓடும்போது தெரியாதே, எந்த அரேயை உருவாக்கும்? அரேலிஸ்டே உள்ளுக்குள் ஆப்ஜெக்ட் அரேதான் வைத்திருக்கிறது, எடுத்துத் தரும்போது காஸ்ட் செய்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த அரேயை டி அரே என்று காஸ்ட் செய்து வெளியே மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாங்குபவர் அதை ஸ்ட்ரிங் அரேயில் வைத்த வரியில் எக்செப்ஷன் வெடிக்கும். அந்த வரியில் காஸ்ட் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, பாவம் அவர் எங்கே போய்த் தேடுவார்?