சங்கக் கொப்பியும் ஒரு பக்க சீ.வி.யும்

கொழும்பில் நிதி நிறுவனமொன்றில் இன்டர்ன் தெரிவுக்கு வரும் சீ.வி.களைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஊர் ஹட்டன் பக்கம் என்பதால் மலைநாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பேராதனையில் முகாமைத்துவம், முதல் வருடம் படிக்கிறேன். ஏ.எல். பெறுபேற்றைத் தவிர சீ.வி.யில் போட ஒன்றுமில்லை. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்கை அப்பாவுக்காக இரண்டு வருடம் எழுதினேன். அதையெல்லாம் போட முடியாதுதானே?

அதைத்தான் தங்கச்சி முதலில் போட வேண்டும்! ஆனால் "சங்க வேலைகளில் உதவினேன்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எத்தனை குடும்பம், மாதச் சந்தா எவ்வளவு, கொப்பியிலா எக்செல்லிலா, வருடக் கடைசியில் கையிருப்பு ஒத்து வந்ததா என்று எழுதுங்கள். "84 குடும்பங்களின் சந்தாக் கணக்கை இரண்டு வருடம் எழுதினேன், கொப்பியிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினேன், பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசித்தேன்." (84 என் உதாரணம், உங்கள் தொகையைப் போடுங்கள்.) நேர்முகத்தில் ஒரு கேள்வி வரலாம்: மூன்று மாதம் சந்தா கட்டாத வீட்டில் மரணம் நடந்தால் என்ன செய்தீர்கள்? நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கடன் பிரிவில் இருப்பவருக்கு அதுதான் தினசரித் தலைவலி, காது கொடுத்துக் கேட்பார்.

பங்குச் சந்தையில் ஆர்வம் என்று போடலாமா? முதலீடு செய்யக் காசில்லை.

"ஆர்வம்" எல்லோர் சீ.வி.யிலும் இருக்கிறது. காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசம். தலவாக்கலை, பொகவந்தலாவ, மஸ்கெலியா, கொட்டகலை என்று நம்ம ஊர்ப் பேரிலேயே பெருந்தோட்டக் கம்பனிகள் உண்டு. ஒன்றை எடுத்து நாலு வருட அறிக்கைகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள்.

2022இல் கொஞ்சம் நில்லுங்கள். 2021இல் வந்த இரசாயன உரத் தடையின் அடி அந்த வருடம்தான் நன்றாகத் தெரிந்தது. முந்தைய வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 25 கோடிக்கு இறங்கியது. அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதால் ஏற்றுமதியாகும் தேயிலையின் ஏல விலை ரூபாவில் எகிறியது. கொழுந்து குறைந்தும் வருமானம் கூடிய கம்பனிகளைக் காண்பீர்கள். அதில் எவ்வளவு ரூபாவின் சரிவால், எவ்வளவு நிர்வாகத்தால்? பிறகு தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைப் பாருங்கள்: 2021இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா, 2024இல் 1,350. இதை ஒரு பக்கத்தில் எழுதி, சீ.வி.யில் ஒரு வரி போடுங்கள். கம்பனிக்குக் கம்பனி நிதியாண்டு மார்ச்சிலோ டிசம்பரிலோ முடியும். அதைக் கவனிக்காமல் ஒப்பிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த எண்கள் கொழும்புப் பிள்ளையைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரி போட்டால் குறைவாக நினைப்பார்களோ? கண்டியில் மாமா வீட்டு முகவரி போடவா?

அப்படி நினைக்கிறவர் ஒருவருமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மாமா வீட்டில் நீங்கள் தங்காவிட்டால் வேண்டாம் தம்பி. வேலைக்கு எடுக்கும்போது அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் கேட்டால் அங்கே வேறு முகவரி இருக்கும். என் முதல் சீ.வி.யில் வெள்ளவத்தை நண்பனின் முகவரியைப் போட்டேன். நேர்முகக் கடிதம் அங்கே போனது. அவன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தான். கடிதம் என் கைக்கு வந்தபோது திகதி முடிந்து நாலு நாள். இன்றைக்கு முழு முகவரியே தேவையில்லை. "ஹட்டன்" என்று ஊர்ப்பேர், தொலைபேசி எண், மின்னஞ்சல் போதும்.

சீ.எஃப்.ஏ. படிக்கப் போகிறேன். இப்போதே போடலாமா?

வேண்டாம். சீ.எஃப்.ஏ. என்பது முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தொழில் தகைமை. பட்டம் முடிய 23 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் முதல் நிலை எழுத முடியும். நாலு வருடப் பட்டத்தின் முதல் வருடத்தில் அதைப் போட்டால், விதியைக்கூடப் படிக்கவில்லை என்றுதான் தெரியும். சி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் படிப்பில் பதிந்திருந்தால், எந்த நிலை, எத்தனை பாடம் சித்தி என்று போடுங்கள்.

டவுனில் கொமினிகேஷன் கடையில் சீ.வி. அடித்துத் தருகிறார்கள். அது போதுமா?

அந்த சீ.வி.யை மாதத்துக்கு இருபது தடவை பார்க்கிறேன். மதம், திருமண நிலை, அப்பாவின் பெயர், கடைசியில் "மேற்கூறியவை உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று கையொப்பம், இரண்டரைப் பக்கம். தனியார் நிதி நிறுவனத்துக்கு அனுப்பும்போது இவ்வளவையும் எடுத்துவிடலாம், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பெயரை மட்டும் ஓ.எல். சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே வையுங்கள். கடையில் அடிப்பதானால் வேர்ட் கோப்பையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். மட்டும் தந்தால், தொலைபேசி எண் மாறும்போது இன்னொரு தடவை பஸ் ஏறி வந்து காசு கட்ட வேண்டும்.