150 கோடியா, 12,500 கோடியா? நேட்டோ விரிவாக்கச் செலவை எப்படிக் கணக்கிடுவது

கேள்வி: நேட்டோ விரிவாக்கச் செலவு பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுகிறேன். 1999-ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு சேர்ந்ததற்கு ஓரிடத்தில் 150 கோடி டாலர் என்றும், இன்னோரிடத்தில் 12,500 கோடி என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே அட்டவணையில் அருகருகே போட்டுவிடாதீர்கள்.

150 கோடி என்பது 1997 டிசம்பரில் நேட்டோவே சொன்ன கணக்கு. பத்தாண்டுகளில், உறுப்பு நாடுகள் சேர்ந்து போடும் பொது நிதியிலிருந்து போகும் பணம் மட்டும்தான் அதில் உண்டு: தகவல் தொடர்பு, வான் பாதுகாப்பை இணைப்பது, உதவிப் படை வந்திறங்க விமான தளங்களைத் தயார் செய்வது. ஊர்த் திருவிழாவில் பந்தலுக்கு எல்லோரிடமும் வரி வாங்குவார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது அவரவர் பாடு. நேட்டோ சொன்னது பந்தல் கணக்கு.

வெள்ளையடிப்புச் செலவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2003-ல் போலந்து 48 எஃப்-16 போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை சுமார் 350 கோடி டாலர். மூன்று நாடுகளுக்குமான நேட்டோ மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே கொள்முதலில்! பொது நிதியில் இது ஒரு பைசாகூடச் சேராது.

சரி, 12,500 கோடி? அது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 1996-ல் போட்டது. ஸ்லோவாக்கியாவையும் சேர்த்து நான்கு நாடுகள், 15 ஆண்டுகள், எல்லா நாடுகளின் சொந்தச் செலவும் உள்ளே. ரஷ்யா மறுபடி தலைதூக்கும் என்று வைத்து, நேட்டோ படைகளை அங்கேயே நிறுத்தும் ஏற்பாடு வரை சேர்த்த தொகை. அதே அறிக்கையில் எளிமையான ஏற்பாட்டுக்குச் சுமார் 6,100 கோடிதான். பாதியாகக் குறைந்ததற்குக் காரணம், எந்த ஆபத்துக்குத் தயாராவது என்ற அனுமானம். என்னைக் கேட்டால், உங்கள் கட்டுரையின் உயிரே இந்த இடம்தான். இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

எனவே ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எத்தனை நாடு, எத்தனை வருடம், யார் பணம், என்ன ஆபத்து என்று எழுதிவிடுங்கள். அப்புறம், வரவையும் மறக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த மூவரும் பொது நிதிக்குப் பங்கு கட்டினார்கள், மொத்தத்தில் சுமார் 4 சதவீதம். அந்த அளவுக்குப் பழைய உறுப்பினர்களின் பங்கு குறையும்.