மசாய் மாராவுக்கு என்ன உடுத்திப் போவது?

கேள்வி: ஆகஸ்டில் நான், மனைவி, 68 வயது அம்மா மூவரும் ஒரு வாரம் காட்டு விலங்குகளைப் பார்க்கக் கென்யா போகிறோம். அம்போசெலி, நைவாஷா, கடைசியில் மசாய் மாரா. அங்கிருந்து நைரோபிக்குச் சிறிய விமானத்தில் திரும்புகிறோம். டிராவல் ஏஜென்ட் 34 உருப்படிகளோடு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். எல்லாம் காக்கி நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். அவரே ‘சஃபாரி கிட்’ என்று தலைக்கு 18,000 ரூபாய்க்குத் தருகிறார். அம்மா சேலையைத் தவிர வேறு எதுவும் உடுத்தியதில்லை. என்ன செய்யலாம்? - ஒரு வாசகர், கோவை.

பதில்: முதலில் அந்த 54,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் இணைத்திருந்த பட்டியலைப் படித்தேன். தலைக்கு இரண்டு கூலிங்கிளாஸ் இருக்கிறது, முழங்காலில் ஜிப் வைத்த பேன்ட் இருக்கிறது, விசில்கூட இருக்கிறது. ஸ்வெட்டர் இல்லை. பட்டியல் போட்டவர் ஆகஸ்ட் மாதக் காலை ஆறு மணிக்கு மாராவில் நின்றதில்லை என்று இதிலேயே தெரிகிறது.

ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு வெயில்தான் ஞாபகம் வருகிறது. மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நைவாஷா ஏரிப் பக்கம் இன்னும் உயரம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆகஸ்ட் குளிர்ந்த மாதம். விடியும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். மேல்கூரையைத் தூக்கிய வண்டியில், எதிர்க்காற்றில் அது இன்னும் கடிக்கும். நான் அழைத்துப்போன ஒரு குழுவில் ஒருவர் அரைக்கை டி-ஷர்ட்டோடு வந்தார். சிறுத்தை குட்டிகளோடு நடந்து போகிறது, இவர் ரூமிலிருந்து எடுத்துவந்த குளியல் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அதே மனிதருக்கு வியர்த்தது. அதனால்தான் ஒரே கனமான உடை உதவாது. பனியன், அதன்மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட் என்று அடுக்காகப் போட்டு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஊட்டிக்கு எடுத்துப்போனதெல்லாம் பீரோவில் இருக்குமே, அதுவே போதும். சாயங்காலம் கொசுவுக்கும் முழுக்கைதான் நல்லது, மலேரியா உள்ள நாடு.

சரி, காக்கி. நீங்கள் பார்க்கப்போவது முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்து. மான், வரிக்குதிரை, சிங்கம் எதற்கும் நம்மைப் போல் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவற்றுக்கு வண்டியும் நீங்களும் சேர்ந்து ஒரே பெரிய உருவம். எழுந்து நின்று கையை ஆட்டினால்தான் மிரளும். மாடு மேய்க்கும் மசாய்க்காரர்கள் பளீரென்ற சிவப்பு ஷுக்கா என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் அந்தக் காட்டில் நடக்கிறார்கள். வெள்ளை மட்டும் வேண்டாம், புழுதியில் ஒரு நாள்கூடத் தாங்காது. அம்போசெலி புழுதி சாம்பலைப் போல, மூக்குக்குள் வரை போகும். மனைவியின் பழைய துப்பட்டா ஒன்றை மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள், கிட்டில் வரும் முகமூடியைவிட அது மேல்.

நிறத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பட்டியல் சொல்லவில்லை. ட்செட்ஸி என்று ஒரு ஈ. வீட்டு ஈயைவிடப் பெரிது, மெல்லிய துணிக்கு மேலேயே குத்தும், கொசு மருந்துக்கு அவ்வளவாகப் பயப்படாது. அதற்குக் கருநீலமும் கறுப்பும் என்றால் உயிர். எவ்வளவு என்றால், அதைக் கொல்ல வைக்கும் பொறியையே நீலமும் கறுப்புமான துணியில்தான் செய்கிறார்கள். மருந்தில் நனைத்து மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் நிறையப் பார்க்கலாம். நீல ஜீன்ஸ் போட்டவர் நடமாடும் பொறி மாதிரிதான். உங்கள் பாதையில் தரங்கிரே அளவுக்குத் தொல்லை இருக்காது. ஆனாலும் ஜீன்ஸை வீட்டில் விடுங்கள். கனம், துவைத்தால் காயாது, ஈக்கும் பிடிக்கும். விமானத்தில் போட்டுப் போகிறேன் என்றால் சரி, காட்டில் வேண்டாம். அம்மாவின் சேலையிலும் கருநீலம், கறுப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிர்நீலம் இருந்தால்? கருநீலம் அளவுக்கு இழுக்காது, ஆனால் மாற்றுச் சேலை இருக்கும்போது எதற்கு வம்பு.

காக்கி சரி, இலைதழை படம் போட்ட ராணுவ உடுப்பு கூடவே கூடாது. கென்யா, உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதைப் போட்டால் போலீஸ் பிடிக்கும். கிட் விற்பவர்கள் தொப்பியாகவும் பையாகவும் அதைத்தான் அழகு என்று தள்ளிவிடுகிறார்கள்.

அம்மாவைப் பேன்ட் போடச் சொல்லிப் பாடாய்ப் படுத்தாதீர்கள். சேலையோடு தாராளமாகப் போகலாம். சஃபாரிக்கு ஓட்டும் லேண்ட் க்ரூஸர் வண்டியின் படி உயரம், ஏற இறங்கத்தான் கஷ்டம். சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கிக் கட்டி, உள்ளே ஒரு லெகிங்ஸ் போடச் சொல்லுங்கள், குளிருக்கும் ஆயிற்று. முந்தானையைச் சுற்றிச் செருகி ஒரு சேஃப்டி பின், காலுக்கு சாக்ஸும் கட்டுக்கயிறு இல்லாத கேன்வாஸ் ஷூவும். கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள், குலுக்கல் முழுக்க அங்கேதான். ஒரு விஷயத்தில் அம்மாதான் உங்கள் எல்லாரையும்விட வசதியாக இருப்பார். வழியில் அவசரம் என்றால் ஒரு புதரின் மறைவுதான் கிடைக்கும், அங்கே பேன்ட்டைவிடச் சேலை எவ்வளவோ மேல்.

இனி, கிட்டோடு ஏஜென்ட் தரும் அந்த ‘இலவச’ டிராலி பெட்டி. நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கு வரும் சிறிய விமானங்களில் பொதுவாகத் தலைக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. பை மெத்தென்று அமுங்க வேண்டும். கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். இது ஏஜென்டுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கிட்டை விற்றுவிட்டு, ஓடுதளத்தில் நீங்கள் திண்டாடும்போது அவர் இங்கே போனை எடுக்க மாட்டார். ஆளுக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட் போதும். முகாம்களில் துவைத்துக் காயவைத்துத் தந்துவிடுவார்கள். உள்ளாடைகளைச் சில இடங்களில் வாங்க மாட்டார்கள், ஒரு சோப்புத் தூள் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். துணிகளைக் கடைக் கேரி பேக்கில் சுற்றும் நம் வழக்கம் அங்கே செல்லாது. 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் தடை, அபராதம் கடுமை. மஞ்சப்பைகளை எடுத்துப் போங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, பட்டியலிலும் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற சில மையங்களில் மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட நாட்களில். ஒரு ஊசிக்கு இத்தனை அலைச்சல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் அதிகம் என்பதால், அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். டிக்கெட்டில் தேதி மாற்றவோ பயணத்தை யோசிக்கவோ நேரம் வேண்டும்.

அப்புறம், அம்மாவின் ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கையில் இருக்கட்டும். நைரோபியில் இறங்கும்போதே தேவைப்படும்.