விசில் ஊத ஒரு படிப்பா?

கேள்வி: மகள் உயர்தரம் முடித்துவிட்டாள். கல்வியியல் கல்லூரிக்கு உடற்கல்விப் பாடத்தில்தான் விண்ணப்பிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விசில் ஊதுவதற்கும் ஒரு படிப்பா, அதுவும் பெண் பிள்ளைக்கு? வேறு பாடம் எடுக்கச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.
– ஒரு தகப்பன், தலவாக்கலை

பதில்: சொல்லாதீர்கள். உங்கள் மகள் கேட்பது நூற்றி நாற்பது வருடத்துக்கு முன் பெண்களே தங்களுக்காக உருவாக்கிக்கொண்ட உடற்கல்வி ஆசிரியத் தொழில்.

மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் சுவீடன்காரர். ஸ்டொக்ஹோமில், லிங் என்ற சுவீடன்காரர் வகுத்த முறையில் உடற்பயிற்சி படித்துவிட்டு லண்டனுக்கு வந்து, 1881இல் அங்குள்ள கல்விச் சபையில் உடற்கல்விக்குப் பொறுப்பானார். 1885இல் லண்டனின் ஹம்ஸ்டெட்டில் பெண்களுக்கு மட்டுமான பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பத்து வருடத்தில் அது டார்ட்ஃபர்டுக்கு இடம் மாறியது. உடற்கூறியல், உடற்றொழிலியல், சுகாதாரம், கூன் முதுகு போன்ற குறைகளைச் சரிசெய்யும் பயிற்சி, அப்புறம் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் போய்க் கற்பித்துப் பழகுவது. இரண்டு வருடம் இதுதான் படிப்பு. மூச்சை இறுக்கும் இடுப்புக் கச்சைக்கு அங்கே இடமில்லை. அங்கே படித்த மேரி டெய்ட் வடிவமைத்த, தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக விழும் கையில்லாத சட்டைதான் பின்னாளில் எத்தனையோ நாடுகளில் பள்ளிச் சீருடையானது. ஆஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர்கள் தாங்களே கல்லூரிகள் திறந்தார்கள்: ரோடா ஆன்ஸ்டி 1897இல், மார்கரெட் ஸ்டான்ஸ்ஃபெல்ட் பெட்ஃபர்டில் 1903இல். இங்கிலாந்தில் ஆண்களுக்கு இப்படி நிலைத்து நின்ற கல்லூரிகள் 1930களில்தான் வந்தன. இந்தத் தொழிலில் ஆண்கள்தான் பின்னால் வந்தவர்கள், ஐயா.

வலைப்பந்தாட்டமும் ஆஸ்டர்பெர்க்கின் கல்லூரி வழியாக வளர்ந்ததுதான். அமெரிக்காவிலிருந்து வந்த கூடைப்பந்தை அந்த மாணவிகள் முதலில் குப்பைக்கூடைகளை மாட்டி ஆடினார்கள். பிறகு புல்வெளிக்குக் கொண்டுபோய், கூடைக்குப் பதில் வளையம் வைத்தார்கள். 1901இல் விதிகள் அச்சாயின. 1921இல் கண்டியில் பெண் சாரணியர் அதை ஆடத் தொடங்கினார்கள். நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றாக்க 1960இல் பல நாட்டுப் பெண்கள் கூடியதும் இலங்கையில்தான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் நின்று கோல் போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எனக்கு ஆஸ்டர்பெர்க்கிடம் ஒரு மனக்குறை உண்டு. நல்ல சாப்பாடும் நல்ல காற்றும் இல்லாத ஏழைப் பிள்ளைகளிடம் தன் முறை எடுபடாது என்று முடிவுகட்டி, கட்டணம் செலுத்தக்கூடிய நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் பக்கம் போய்விட்டார். லண்டனில் அவர் கைவிட்ட பிள்ளைகளைப் போன்றவர்கள்தான் நம் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறார்கள்.

நம் தோட்டப் பாடசாலை மைதானங்களைப் பாருங்கள். பல இடங்களில் சரிவு. ஒரே கம்பம், அதில் கோணிய வளையம். பந்து தவறினால் இரண்டு பேர் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்குக் கைதட்டுகிறார்கள். மாதவிடாய் நாளில் ஓடலாமா என்று கேட்க அவர்களுக்கு ஒரு டீச்சர் வேண்டும். சோகை பிடித்த பிள்ளை ஏன் சீக்கிரம் களைக்கிறாள் என்று கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். உடற்கல்விப் பாடவேளையில் கணக்கு மீட்டல் நடத்தும் பாடசாலைகளை நான் அறிவேன். கேட்டால், ‘அதற்கு ஆளில்லை’ என்பதே பதில். உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறாள். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்!

இரண்டு வருடம் கல்லூரி விடுதியில், மூன்றாம் வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. அதன்பின் அரச நியமனம். மற்றப் பாடங்களுக்கும் இதே வழிதான். சம்பளத்திலும் குறைவு வராது. வர்த்தமானியில் விண்ணப்ப அறிவித்தல் வந்ததும் தகைமைகளை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். விளையாட்டுச் சான்றிதழ்கள் ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் இப்போதே தேடி எடுத்து, அதிபரிடம் உறுதிப்படுத்தி வாங்கி வையுங்கள்.