ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுபடியும் அழைக்க, நினைவூட்டல் அனுப்புவது பயன் தருமா?

கேள்வி கேட்டவர் வீடுகளுக்குச் சென்று ஏசி சர்வீஸ் செய்பவர். வேலை நன்றாக முடிந்தாலும் அடுத்த ஆண்டு அதே வீட்டிலிருந்து அழைப்பு வருவதில்லை என்றும், நினைவூட்டல் அனுப்பினால் தொந்தரவாக எண்ணிவிடுவார்களோ என்றும் கேட்டிருக்கிறார். நான் திண்டுக்கல்லில் ஆர்ஓ தண்ணீர் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். இதே கவலை எனக்கும் பல ஆண்டுகள் இருந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான வாடிக்கையாளர்கள் நம்மீது குறைபட்டுக்கொண்டு போவதில்லை; மறந்துவிடுகிறார்கள். நான் மெம்பரேன் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு) மாற்றிக் கொடுத்த ஒரு வீட்டுக்கு, பக்கத்து வீட்டு வேலையாகப் போயிருந்தபோது எட்டிப் பார்த்தேன். மெஷினின் மேல் வேறொரு கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்த அம்மா, “உங்க நம்பரை எங்கேயோ எழுதி வைத்தேன் தம்பி, தேடினால் கிடைக்கவில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, பேரன் ஃபோனில் பார்த்து யாரையோ கூப்பிட்டுவிட்டான்” என்று சங்கடத்தோடு சொன்னார். என் வேலையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தேவைப்பட்ட நாளில் என் எண் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் செய்த முதல் முயற்சி தவறாகப் போயிற்று. கைப்பேசியில் இருந்த எல்லா வாடிக்கையாளர்களுக்கும், ஃபில்டர் மாற்ற 10 சதவீதம் தள்ளுபடி என்று ஒரே செய்தியை அனுப்பினேன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஃபில்டர் மாற்றியிருந்த ஒருவர் உடனே அழைத்து, “அப்படியானால் எங்கள் வீட்டில் போட்டது சரியில்லையா?” என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த நேரில் போக வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக அனுப்புவது விளம்பரம். அந்த வீட்டு மெஷினின் நிலையை அறிந்து அனுப்புவதே நினைவூட்டல் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இப்போது என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதைப் பெயர்வாரியாக எழுதாமல் மாதவாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும், அங்கேயே நின்று, அடுத்து எந்த மாதம் வர வேண்டியிருக்குமோ அந்த மாதத்தின் பக்கத்தில் அந்த வீட்டை எழுதிவிடுவேன். பெயர், தெரு, கைப்பேசி எண், மாற்றிய பொருள், உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு), வடிகட்டிய தண்ணீரின் டிடிஎஸ் ஆகியவை ஒரே வரியில் அடங்கிவிடும். மாதம் பிறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதுவே வேலைப் பட்டியல்.

எந்த மாதம் என்பதைக் கையில் எடுத்த பழைய ஃபில்டர்தான் சொல்ல வேண்டும். புதிதாகப் போடும்போது பால்வெள்ளையாக இருக்கும் ஸ்பன் ஃபில்டர் (மண், தூசியைப் பிடிக்கும் வெளி ஃபில்டர்), போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் மூன்று மாதத்திலேயே செம்மண் நிறமாகி, தொட்டால் வழுவழுவென்று ஒட்டும். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் ஆறு மாதம் கழித்துக் கழற்றினாலும் இளம்பழுப்பாகவே இருப்பதுண்டு. இரண்டு வீட்டுக்கும் ஒரே தேதியில் நினைவூட்டினால் ஒரு வீட்டுக்கு அது வீண் செலவு, இன்னொரு வீட்டுக்குக் காலம் கடந்த செய்தி. கழற்றிய ஃபில்டரைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன். அடுத்த முறை நினைவூட்டும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை.

நான் அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும்: “வணக்கம் அம்மா. மார்ச் 12 அன்று உங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு வெளி ஃபில்டர் மாற்றினோம். போர்வெல் தண்ணீர் என்பதால் இந்த வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. எந்த நாள் வசதிப்படும்?” பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை அழைப்பேன். அதற்கு மேல் இல்லை. வேண்டாம் என்றவர் பெயரை அடித்துவிடுவேன். வயதானவர்களுக்குச் செய்தி அனுப்பாமல், காலைச் சமையல் முடிந்திருக்கும் பதினொரு மணிக்கு மேல் நேரடியாகப் பேசிவிடுவேன். போய்ப் பார்த்து, இன்னும் இரண்டு மாதம் தாங்கும் என்றால் அதையே சொல்லி, பணம் வாங்காமல் திரும்பிவிடுவேன். தொந்தரவாக எண்ணுவார்களோ என்ற உங்கள் அச்சத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான்.

ஏசி வேலையில் காலம் இன்னும் முக்கியம். கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஆனால் பங்குனியிலேயே ஊர் முழுவதும் மெக்கானிக்கைத் தேடத் தொடங்கிவிடும். நீங்கள் பிப்ரவரி நடுவிலேயே, சென்ற ஆண்டு எந்த ஏசியில் தண்ணீர் ஒழுகியது, எதில் கேஸ் குறைந்திருந்தது என்பதைக் குறிப்பிட்டு, தெருத் தெருவாகப் பிரித்து அனுப்புங்கள். அவர்களுக்குக் காத்திருப்பு இல்லை, உங்களுக்கும் ஒரே தெருவில் நான்கு வீடுகளை ஒரு நாளில் முடித்துவிடலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) மூலம் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். ஆகவே வேலை முடிந்து கிளம்புமுன், ‘ஏசி’ என்ற சொல்லோடு உங்கள் பெயரைச் சேமிக்கச் சொல்லுங்கள்; மெஷினிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்புபவர்களைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் பதிவு வேண்டும்; நம்மைப் போன்ற சிறிய கடைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

புதிய நோட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். சென்ற ஆண்டின் பில் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, பிப்ரவரி முதல் மே வரை நீங்கள் போன வீடுகளைத் தெருவாரியாக எழுதத் தொடங்குங்கள்.