இன்னொரு மெஷின்

அன்புள்ள ஐயா,

2024 மக்களவைத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போது கூட்டிப் பார்ப்பேன். அ.தி.மு.க. அணி வாங்கியதையும் பா.ஜ.க. அணி வாங்கியதையும் சேர்த்தால் பல தொகுதிகளில் தி.மு.க. அணியை மிஞ்சுகிறது. தருமபுரி, விருதுநகர் போன்ற இடங்களில் லட்சக்கணக்கில் மிஞ்சுகிறது. ஒரு கையெழுத்தில் கிடைத்திருக்கவேண்டிய இடங்களைக் கோட்டைவிட்ட தலைவர்களை என்னவென்று சொல்வது?

இன்னொன்று. வடக்கே வன்னியர், கொங்கில் கவுண்டர், தெற்கே முக்குலத்தோர் என்று ஆளுக்கொரு வாக்கு வங்கியை மடியில் கட்டிக்கொண்டு ஐந்து சதவீதக் கட்சிகள் ஏழு சீட், பத்து சீட் என்று பேரம் பேசுகின்றன. பெரிய கட்சிகளும் தலையாட்டிக் கொடுக்கின்றன. நாட்டை ஆள்வது யார் என்று முடிவு செய்யும் தேர்தலுக்கு இது கேவலமில்லையா? அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு முன்பாவது நீங்கள் எழுதவேண்டும்.

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

உங்கள் கூட்டலில் பிழை இல்லை. நானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த நோட்டில் ஒரே ஒரு தேர்தல்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தருமபுரியையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் பக்கத்து ஊர்; எனக்கும் அங்கே உறவுக்காரர்கள் உண்டு.

2024இல் அங்கே தி.மு.க.வின் ஆ. மணி, வன்னியர்களிடையே செல்வாக்குள்ள பா.ம.க.வின் சௌமியா அன்புமணியைச் சுமார் 21,000 வாக்கில் வென்றார். மூன்றாவதாக வந்த அ.தி.மு.க. இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கியது. மாம்பழத்தையும் இரட்டை இலையையும் கூட்டினால் தி.மு.க. எங்கேயோ பின்னால் நிற்கும். சரி, பத்து வருடம் பின்னால் போங்கள். 2014இல் அன்புமணி ஏறக்குறைய 4,68,000 வாக்கு வாங்கி வென்றார். இரண்டாம் இடம் அ.தி.மு.க., 3,91,000. தி.மு.க. இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு ஒருவர் உங்களைப்போல் நோட்டோடு உட்கார்ந்திருந்தால், 'இரண்டும் சேர்ந்தால் எட்டரை லட்சம், எதிரே நிற்க ஆள் கிடைக்காது' என்று அடிக்கோடிட்டிருப்பார்.

2019இல் இரண்டும் சேர்ந்தன. பா.ஜ.க.வும் தே.மு.தி.க.வும்கூட அதே அணியில்தான் இருந்தன. அதே அன்புமணி, அதே தொகுதி, அதே மாம்பழம். கிடைத்தது 5,04,000. தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் எழுபதாயிரம் வாக்கில் தோற்றார்.

மீதி மூன்றரை லட்சம் எங்கே போயிற்று? அ.தி.மு.க.விலிருந்து பிரிந்துபோன தினகரன் கட்சி கொஞ்சம் பிரித்தது. மத்திய அரசின் மீதான கோபம் அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க வீசியது. இரண்டும் உண்மை. இன்னொரு காரணத்தை நான் ஒரு சாமியானாவுக்குக் கீழே நேரில் பார்த்தேன்.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு கிராமம். தூரத்து உறவில் மாமா ஒருவர் அங்கே அ.தி.மு.க. கிளைச் செயலாளர். பள்ளிக்கூட வாசலிலிருந்து போலீஸ்காரர் அளந்து காட்டிய தூரத்துக்கு அப்பால் பந்தல், ஒரு மேசை, வாக்காளர் பட்டியல், பூத் சிலிப் கட்டு, தண்ணீர் கேன். கூட்டணிக்காரர்கள் எல்லாரும் ஒரே பந்தலில் இருக்கவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் மற்றொன்று. நடுவில் கேன். இரண்டு கிளைச் செயலாளர்களும் பங்காளிகள். ஒரே கொட்டாய், ஒரே குலதெய்வம். ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆள் நிறுத்தியே நரைத்தவர்கள். ஏரி மீன் குத்தகையில் சண்டை, பால் சொசைட்டியில் சண்டை. சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தோளில் கை போடு என்றால் எந்தக் கையைப் போடுவது?

அன்று அந்தத் தொகுதியில் சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தது. சாவடிக்குள் இரண்டு மெஷின்கள். ஒன்று கோட்டைக்கு, ஒன்று டெல்லிக்கு. முதலாவதில் மாமாவின் சின்னம், இரண்டாவதில் கூட்டணிக் கட்சியின் சின்னம். மாமாவைக் குறை சொல்ல முடியாது. முந்தைய வாரம் முழுக்க வீடுவீடாகப் போய் இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். பதினொரு மணி இருக்கும். காலனியிலிருந்து வந்த ஒரு பாட்டி வாக்களித்துவிட்டுத் திரும்பும்போது பந்தலோரம் நின்று, மை வைத்த விரலைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் சின்னத்துக்குப் போட்டுவிட்டேன் கவுண்டரே. இன்னொரு மெஷின் என் இஷ்டம்." மாமா பதில் பேசவில்லை. கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

(அந்தப் பக்கத்தில் வன்னியரையும் கவுண்டர் என்றுதான் அழைப்பார்கள். உங்கள் பட்டியலில் கவுண்டர் கொங்கில் மட்டும் இருக்கிறார்.)

வாக்கு எண்ணியபோது பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டு இடைத்தேர்தல்களிலும் இரட்டை இலை வென்றது. அதே நாளில், அதே வாக்காளர்களும் சேர்ந்து வாக்களித்த மக்களவைத் தொகுதியில் மாம்பழம் தோற்றது. பாட்டியின் இஷ்டத்துக்கு என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் 2012 நவம்பரில் தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம் காலனியிலும் அதையொட்டிய இரண்டு குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் வன்னியர் கூட்டம் ஒன்றால் கொளுத்தப்பட்டதை அந்த மாவட்டத்தின் எந்தக் காலனிக்கும் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இலைக்கு வழக்கமாகப் போடும் வீடுகள் மாம்பழத்துக்கும் போடும் என்று சென்னையில் எழுதிய கணக்கில் இதற்கு இடம் இல்லை.

நீங்கள் உடனே ஒன்று கேட்பீர்கள். 1998, 1999, 2004 மூன்று தேர்தல்களிலும் அதே தருமபுரியில் பா.ம.க. வென்றதே, முதல்முறை அ.தி.மு.க.வோடும் அடுத்த இரண்டு முறை தி.மு.க.வோடும் நின்றுதானே? அப்போது மட்டும் வாக்கு எப்படிக் கைமாறியது? நல்ல கேள்வி. வைகோவும் சிவகாசியில் 1998இல் ஓர் அணியிலும் 1999இல் எதிரணியிலும் நின்று இரண்டு முறையும் வென்றார். ஜெயலலிதாவும் கருணாநிதியும் கை காட்டினால் தொண்டன் முகம் சுளித்துக்கொண்டாவது போட்டான் என்பது ஒன்று. மற்றது என் ஊகம். தமிழ்நாட்டில் 1986க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1996இல்தான் நடந்தது. அதன்பின் 2001, 2006, 2011 என்று வரிசையாக வந்தது. ஊராட்சிக்குப் பணமும் அதிகாரமும் வரவர, கிராமத்தில் கட்சி என்பது டெல்லியையும் சென்னையையும் பற்றிய அபிப்பிராயமாக இருந்த நிலை போய், பங்காளிச் சண்டைக்குப் பிடித்த கொடியாகிவிட்டது. கொடியை மேலே இருப்பவர்கள் சேர்த்துக் கட்டலாம். சண்டையை எப்படிக் கட்டுவது?

2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணியில் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒன்றாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். வட மாவட்டங்களின் இரண்டு பெரிய சமூகங்கள், காகிதத்தில் அசைக்க முடியாத கணக்கு. பா.ம.க. 30 இடங்களில் நின்று 3 வென்றது. சிறுத்தைகள் 10 இடங்களில் நின்று ஒன்றுகூட இல்லை.

வாக்கு வங்கி என்ற சொல்லுக்கு வருகிறேன். சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1950களில் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து எழுதியபோது பயன்படுத்திய சொல் அது. தனக்குக் கட்டுப்பட்ட குடும்பங்களின் வாக்கைத் திரட்டிக் கொடுக்கக்கூடிய ஊர்ப் பெரிய மனிதரையே அவர் மனத்தில் வைத்திருந்தார். நாம் அதைச் சாதிக்கு மாற்றிவிட்டோம். அந்தப் பெரிய மனிதருக்கு நிலம் இருந்தது, கடன் கொடுத்தார், கேட்டால் போட்டார்கள். இன்றைக்கு மாமாவிடம் இருப்பது ஒரு சிலிப் கட்டு.

ஐந்து சதவீதக் கட்சிகள் மீது உங்களுக்கு உள்ள எரிச்சலில் எனக்கு உடன்பாடில்லை. பா.ம.க. 1989இல் தொடங்கப்பட்டது. 1989, 1991 மக்களவைத் தேர்தல்களில் தனியாக நின்று, யானைச் சின்னத்தில், மாநில அளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கியது. கிடைத்த இடம் பூஜ்யம். அந்த வாக்கு தமிழ்நாடு முழுக்கத் தூவிக் கிடக்கவில்லை. வட மாவட்டங்களில் குவிந்து கிடந்தது. மாநிலத்தில் ஐந்து என்றால் அந்தத் தொகுதிகளில் அதைப்போலப் பல மடங்கு. 1998இல் ஒரு பெரிய கட்சியோடு சேர்ந்ததும் நான்கு எம்.பி.க்கள் வந்துவிட்டார்கள். தே.மு.தி.க.வோ 2009இல் தனித்து நின்று பத்து சதவீதம் வாங்கியது, எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கும் பூஜ்யம். அதே 2009இல் கோவையில் தனியாக நின்ற கொங்குநாடு முன்னேற்றக் கழகத்தின் ஈஸ்வரன் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கித் தோற்றார். காங்கிரஸ் வேட்பாளர் அங்கே மார்க்சிஸ்ட் கட்சியிடம் தோற்ற வித்தியாசத்தைவிட அது மூன்று மடங்கு. அடுத்த முறை பேச்சுவார்த்தை மேசையில் கொங்குக்காரர்களுக்கு நாற்காலி போடாமல் இருப்பார்களா? இதைப் பேரம் என்று சொல்லுங்கள், சொல்லலாம். கேவலம் என்று சொல்லமாட்டேன். முதலில் வருபவர் மட்டும் ஜெயிக்கும் முறையில் இப்படித்தான் விலை கேட்க முடியும்.

பெரிய கட்சிகள் ஏன் கொடுக்கின்றன என்பதற்கு 2004 போதும். அ.தி.மு.க. அந்தத் தேர்தலில் ஏறக்குறைய முப்பது சதவீதம் வாங்கியது. மாநிலத்தில் வேறு எந்தத் தனிக்கட்சியும் அவ்வளவு வாங்கவில்லை. இடங்கள்? ஒன்றுமில்லை. தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இரு கம்யூனிஸ்டுகள் சேர்ந்த அணி 39ஐயும், புதுச்சேரியோடு நாற்பதையும் அள்ளிக்கொண்டு போனது. இங்கே உங்கள் கூட்டல் பலித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரே அடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள், விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் நின்றிருந்தது. எல்லாக் கட்சித் தொண்டனின் வீட்டிலும் ஒரே கோபம் இருந்தது. தலைவர்கள் சந்திப்பதற்கு முன்பே கீழே சேர்ந்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறு 1980. ஜனவரியில் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் சேர்ந்து நின்றன, எம்.ஜி.ஆருக்கு மிஞ்சியது கோபிசெட்டிபாளையம், சிவகாசி என்று இரண்டே தொகுதிகள். பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதே இரு கட்சிகள், அதே கணக்கு. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். கட்சி மட்டும் 129 இடங்கள் வென்று திரும்பி வந்தது. தொகுதிகளைச் சமபாதியாகப் பிரித்துக்கொண்டதால் யார் முதலமைச்சர் என்ற குழப்பம் கூட்டணிக்குள்ளேயே இருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் என்று ஜனங்கள் நினைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பாட்டி ஒரே நாளில் செய்ததை அன்று தமிழ்நாடு ஐந்து மாத இடைவெளியில் செய்தது.

2019இலும் 2024இலும் தி.மு.க. அணி பெரும்பாலும் அதே கட்சிகளோடு நின்றதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நடுவில் 2021 சட்டமன்றத் தேர்தலும் ஆயிற்று. மூன்று தேர்தல் ஒரே பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கு யார் டீ வாங்கப் போவது என்பதாவது பழகிவிடும். 2024இல் 39க்கு 39 வந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதற்காக அந்தப் பந்தலில் மனத்தாங்கல் இல்லை என்று சொல்லமாட்டேன். 2019இல் மார்க்சிஸ்டுகள் வென்ற கோவையை 2024இல் தி.மு.க. எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லைக் கொடுத்தபோது கோவைத் தோழர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

உங்கள் நோட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2024இல் தி.மு.க. 22 என்று எழுதியிருப்பீர்கள். தேர்தல் ஆணையமும் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. அதில் நாமக்கல் எம்.பி. உதயசூரியனில் நின்று வென்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர். அவருக்கு விழுந்த வாக்கை நீங்கள் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்?